வெறுங்காணிப் படத்தில் என் கிணறு

புத்தளத்தில் இணையவழி வேலை பழகும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி போன மாதம் கூப்பிட்டிருந்தார்கள். நானும் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு போனேன். கனடாவுக்கே போகாமல் கனடாக்காரரின் வருமான வரியை எப்படிச் செய்தீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. அது நல்ல கேள்வி. அடுத்த பிள்ளை கேட்டது அவ்வளவு நல்ல கேள்வி இல்லை. இப்போது எல்லாவற்றையும் கொம்பியூட்டரே நிரப்பிவிடுகிறதே, அப்படியென்றால் இவ்வளவு காலமும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டது. நான் தேநீரை இரண்டு மிடறு குடித்துவிட்டு ஏதோ சமாளித்தேன். சரியான பதில் கற்பிட்டி பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் வந்தது. அந்தப் பதில்தான் இது.

என் வீடு கண்டக்குழியில், கடற்கரைக்குக் கிட்ட, ஒரு தென்னங்காணிக்குள் இருக்கிறது. முன் அறையில் ஒரு மேசையும் ஒரு கதிரையும் ஒரு கொம்பியூட்டரும் உண்டு. இணையத் தொடர்புக்கான சின்னக் கருவியை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். காற்று தென்மேற்கிலிருந்து அடித்தால் கனடா கிடைக்கும், திசை மாறினால் கிடைக்காது. அந்த மேசையிலிருந்துதான் டொரொன்டோவில் வாழும் நம் ஆட்களின் வரி விவரங்களைத் தயாரித்தேன். பனியை நான் குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டுமே கண்டவன். ஆனால் வாசலில் குவியும் பனியை வழிக்கிற செலவை யார் கழிக்கலாம் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். வாடகைக்கு விட்ட வீட்டின் வாசல் என்றால் வாடகை வருமானத்தில் கழிக்கலாம். தன் மகன் பள்ளிக்கூடம் போகிற வாசல் என்றால் வழித்த முதுகுவலிதான் மிச்சம்.

இந்த வேலையைத் தந்தவர் கதிரவேலு ஐயா. யாழ்ப்பாணத்தில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் அவர் மூத்த எழுதுவினைஞர், நான் இளையவன். தொண்ணூறில் முஸ்லிம்களாகிய எங்களை யாழ்ப்பாணத்தைவிட்டு அனுப்பியபோது நான் புத்தளத்துக்கு வந்து ஓர் உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதினேன். ஐயா சில வருடம் கழித்துக் கனடாவுக்குப் போய், அங்கே படித்துச் சொந்த அலுவலகம் திறந்தார். யுத்தம் முடிந்த பிறகு யாரிடமோ என் நம்பரை வாங்கிப் போன் எடுத்தார். இருபது வருடத்துக்குப் பிறகு பேசுகிற மனிதர், சுகம் விசாரிக்கவில்லை. "ஸலீம், நீர் இன்னும் கூட்டலிலை பிழை விடுறேல்லைத்தானே?" என்றுதான் கேட்டார். இல்லை ஐயா என்றேன். அடுத்த கிழமையே பழக்கத் தொடங்கினார். கனடாவின் ஒரு குளிர்காலம் முழுவதும் பழக்கினார்.

வேலை ஒழுங்கு இதுதான். வாடிக்கையாளரின் காகிதங்கள் படமாக்கப்பட்டு எனக்கு வரும். நான் தரம் பிரித்து, குறைகளைக் கேள்வியாக எழுதி, படிவத்தை நிரப்பி அனுப்புவேன். ஐயா ஒவ்வொரு வரியாகப் பார்த்து, தன் பெயரில் கையெழுத்திட்டு அங்கே சமர்ப்பிப்பார். வேலையின் ஒரு பகுதி கனடாவுக்கு வெளியே நடக்கலாம் என்று சம்மதப் பத்திரத்தில் ஒரு வசனம் இருந்தது. எல்லோரும் அதற்குக் கீழே கையெழுத்து வைத்தார்கள், ஒருவரும் அதை வாசிக்கவில்லை.

எங்கள் காலை, அவருடைய இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். ஸ்கைப்பில் வருவார். கமெராவை எந்தக் காலத்திலும் சரியாக வைக்க மாட்டார். அவருடைய கம்பளித் தொப்பியும் நெற்றியும் சுவரில் தொங்கும் முருகன் கலண்டரும்தான் எனக்குத் தெரியும். வருடக்கணக்காக நான் முருகனிடம்தான் வேலை பார்த்தேன் என்று என் மனைவி சொல்வாள். முதலில் கண்டக்குழியில் வெயில் எப்படி என்று விசாரிப்பார். சொன்னதும் ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு ஃபைலைத் திறந்து ஒவ்வொரு செலவுக்கும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "எங்கை துண்டு?" பற்றுச்சீட்டைத்தான் அவர் துண்டு என்பார். கோபப்பட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். கேட்டுவிட்டு மௌனமாக இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் ஆட்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அவர் எனக்குச் சொல்லித்தந்த விதிகளில் இரண்டு போதும், மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஒன்று, வேறு வருமானம் உண்டா என்று ஒருவரிடமும் கேட்கக் கூடாது, இல்லை என்றுதான் சொல்வார்கள். வேறு என்னென்ன வருமானம் என்று கேட்க வேண்டும், அப்போது யோசிப்பார்கள். இரண்டாவது, நாங்கள் வாடிக்கையாளரிடம் எதையும் கேட்கலாம், அவரைப் பற்றி வேறு ஒருவரிடமும் எதையும் சொல்லக் கூடாது. மனைவியிடமும் கூடாது என்றார். என் மனைவியிடமா, வாடிக்கையாளரின் மனைவியிடமா என்று கேட்டேன். இரண்டு பேரிடமும்தான் என்றார்.

நம் ஆட்களின் ஃபைல்கள் எப்படி இருக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சொந்தத் தொழில் செய்கிற ஒருவர் வீட்டில் அலுவலக அறை இருப்பதாக எழுதினார். பரப்பளவைக் கேட்டோம். வீட்டின் முக்கால்வாசி வந்தது. மனைவியும் நான்கு பிள்ளைகளும் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டு எழுதினேன். அடுத்த கடிதத்தில் அலுவலகம் மூலை அறையாகச் சுருங்கிவிட்டது. வாடகை, மின்சாரம், வெப்பமூட்டும் செலவு எல்லாவற்றிலும் அந்த மூலை அறையின் பங்கு மட்டும்தான் கிடைக்கும் என்று விளங்கப்படுத்தினோம். இன்னொருவர் மகளின் பிறந்தநாள் விருந்தை வியாபார விருந்து என்று போட்டிருந்தார். வியாபார விருந்தென்றாலும் பாதிதான் கழிக்கலாம், கேக்கில் 'ஹர்ஷினி' என்று எழுதியிருந்தால் அந்தப் பாதியும் இல்லை.

வாகன ஓட்டக் குறிப்பு ஒன்று வந்தது. வருடம் முழுக்க, ஒவ்வொரு நாளும் ஒரே தூரம். கார் பனிக்குள் புதைந்து கிடந்ததாக அவரே வேறொரு கடிதத்தில் எழுதிய கிழமையிலும் அதே தூரம் ஓடியிருந்தது. ஊரில் இருக்கும் உம்மா வாப்பாவுக்கு அனுப்பிய காசைக் கழிக்க முடியாது என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஊர்ப் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் கொடுத்ததும் அப்படித்தான், கனடாவில் பதிவான அறநிறுவனமாக இருக்க வேண்டும். சொந்தத் தொழில்காரருக்கு விவரம் கொடுக்க ஜூன் நடுப்பகுதி வரை தவணை உண்டு என்று கேள்விப்பட்டு, வரிக்காசையும் அதுவரை வைத்திருப்பார்கள். கட்ட வேண்டிய காசு ஏப்ரல் முடிவிலேயே போக வேண்டும், பிந்தினால் வட்டி ஓடும். இந்த ஒன்றை மட்டும் நான் நூறு பேருக்காவது எழுதியிருப்பேன்.

இனி நஸாரின் விஷயத்துக்கு வருகிறேன், ஐயாவின் விதிக்காகப் பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

நஸார் கண்டக்குழிப் பிள்ளை. இளம் வயதில் கனடாவுக்குப் போய், அலுவலகக் கட்டடங்களைச் சுத்தம் செய்யும் சிறு கம்பனி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய ஃபைல் முதன்முதலாக என் மேசைக்கு வந்தபோது பெயரையும் ஊரையும் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டேன். அவருடைய காணி என் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதில் குடியிருப்பது அவருடைய தங்கை ஜெஸீமா, அவள் கணவன் றிபாய், மூன்று பிள்ளைகள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வீடுவளவைப் பெண் வீட்டார் கொடுக்க வேண்டும். ஜெஸீமாவின் வாப்பா மௌத்தாகிவிட்டதால் நானா, அதாவது அண்ணன் நஸார்தான் காசு அனுப்பிக் காணி வாங்கினார். காணியின் உறுதிப் பத்திரம் அவர் பெயரில் முடிந்தது. நிக்காஹ் சபையில், ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னால், இது என் தங்கச்சிக்கு என்று அவரே சொன்னார். நானும் அந்தச் சபையில் இருந்து சாப்பிட்டவன். அடுத்த முறை வரும்போது உறுதியை எழுதித் தருகிறேன் என்றார். அந்த அடுத்த முறை பல முறை வந்து போனது. கூடப் பிறந்த நானாவிடம் போய் உறுதியை எழுதித் தா என்று கேட்பது இங்கே பெரிய மரியாதைக் குறைவு. அதனால் ஜெஸீமா கேட்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் கண்டக்குழிக் காற்றுக்கு விலை வந்தது. பெரிய பட்டம் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். கைட்காரர் என்று சொல்வோம். ஜெஸீமாவும் றிபாயும் தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் தங்குவதற்கு ஓலைக் கூரை போட்டு ஒரு கபானா கட்டினார்கள், பிறகு இன்னொன்று. அப்படியே ஐந்து அறைகள் ஆகின. கல்லும் சீமெந்தும் இறங்கியதை நான் வேலிக்கு மேலால் பார்த்திருக்கிறேன். நஸார் அதற்கு ஒரு சதமும் அனுப்பவில்லை, அதிலிருந்து ஒரு சதமும் எடுக்கவுமில்லை.

இதையெல்லாம் தெரிந்த ஆள் அந்த ஃபைலைத் தொடலாமா என்று ஐயாவிடம் அன்றைக்கே கேட்டேன். நெற்றி கமெராவுக்குக் கிட்ட வந்தது. "நீர் வேலிக்கு மேலாலை கண்டதை எழுதக் கூடாது. அவர் எழுதினதை அப்பிடியே நம்பவும் வேண்டாம். கேளும்," என்றார். கேட்டேன். ஊரில் என்னென்ன சொத்து என்ற கேள்விக்கு, சின்ன வெறுங்காணி ஒன்று, தேங்காயைத் தங்கச்சி எடுக்கிறாள் என்று பதில் வந்தது. அவர் கைக்கு வருமானம் ஒன்றும் வராதபடியால் ஃபைல் சில வருடம் பேசாமல் கிடந்தது.

பிறகு ஒரு வருடம் நஸார் ஐயாவுக்கு எழுதினார். ஊரில் இருக்கும் வெறும் தென்னங்காணியை வரும் பயணத்தில் கொழும்பு ஹோட்டல் பார்ட்டி ஒன்றுக்கு விற்கப் போகிறேன், கனடாவில் எவ்வளவு வரி வரும் என்று கேட்டிருந்தார். விற்கிற விலையையும் எழுதியிருந்தார். அதை நான் இரண்டு தரம் வாசித்தேன். ஜெஸீமாவின் வீடும் கபானாக்களும் அந்த ஓர் உறுதிக்குள்தான் இருந்தன. விற்றால் அந்தக் குடும்பத்துக்குப் படுக்க இடமும் இல்லை, பிழைக்க வழியும் இல்லை. அன்று பின்னேரம்தான் அவள் வேலியடியில் நின்று, கபானாவுக்கு நீலப் பெயின்ற் அடிக்கவா பச்சை அடிக்கவா என்று என் மனைவியிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தாள். என் வாய்க்கு ஐயா போட்ட பூட்டு இருந்தது. மஞ்சள் அடி என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஐயாவுக்கு அந்த விலை பிடிபடவில்லை. வெறுந்தென்னைக்கு இந்த விலை எங்கேயும் இல்லை என்றார். வெளிநாட்டுக் காணியை விற்று வந்த இலாபத்துக்கும் கனடாவில் வரி உண்டு, ஆகவே காணியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கணக்கு முடிக்க முடியாது. காணியின் இன்றைய நிலையைக் காட்டும் படங்கள் அனுப்பவும் என்று கேட்கச் சொன்னார். கடிதத்தை ஐயாவின் பெயரில் நான்தான் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் றிபாய் கையில் போனோடு அங்கும் இங்கும் அலைந்தான். பத்து அடி வைப்பான், போனைத் தூக்குவான், தலையாட்டுவான், திரும்ப நடப்பான். என்ன தேடுகிறாய் என்றேன். அறைகள் ஒன்றும் படத்துக்குள் விழாமல் காணியை எடுத்து அனுப்பச் சொல்லி மச்சான் கேட்டிருக்கிறார், ஏன் என்று தெரியாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கூரை விழுகிறது, கூரை விழாவிட்டால் வானத்தில் ஒரு கைட் விழுகிறது என்றான். நல்ல பொடியன், பொய்க்கு அவன் உடம்பு ஒத்துழைக்காது. கடைசியில் களைத்துப்போய்க் கபானாக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். போனை என் பக்கம் நீட்டினான். வேண்டாம் என்று சொல்லக் கையைத் தூக்கினேன், கண்ணுக்குள் சவர்க்காரம் போய்விட்டது.

அடுத்த நாள் ஃபைலில் படங்கள் வந்திருந்தன. கண்டக்குழியிலுள்ள எனது வெறுங்காணி என்று தலைப்பு. முதல் படத்தில் வானமும் ஒரு தென்னை வட்டும். இரண்டாவதில் மணல். மூன்றாவதில் என் தென்னைகள், என் கிணறு, கொடியில் என் மனைவியின் சிவப்புச் சீலை, நடுவில் தலை நிறைய நுரையோடு, ஈரச் சாரத்தோடு, கனடா அரசாங்கத்துக்கு ஸலாம் சொல்வது மாதிரி வலது கையைத் தூக்கிக்கொண்டு நான்.

மறைக்கிற வேலை இல்லை, அப்படியே அனுப்பினேன். ஐயா ஸ்கைப்பில் வந்தார். வெயிலை விசாரிக்கவில்லை. "ஸலீம், மூண்டாவது படத்திலை நிக்கிற ஆள் ஆர்?" என்றார். நான்தான் ஐயா என்றேன். நெற்றி காணாமல் போனது. கமெரா ஆடி ஆடிக் கீழே இறங்கியது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவருடைய முழு முகத்தையும் கண்டேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பற்கள் பாதி போயிருந்தன. நாங்கள் இருவரும் கிழவர்களாகிவிட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிரித்து முடித்து, தொப்பியைச் சரிசெய்து, "சவர்க்காரத்தைக் கழுவினனீரோ?" என்று கேட்டார். பிறகு, இனி இந்த ஃபைலை நீர் தொட வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

நஸாரோடு அவர் பேசியதை, எனக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு பிறகு சொன்னார். படத்தில் இருக்கும் காணி உங்களுடையது இல்லை, அது என் எழுதுவினைஞருடையது என்றதும், உங்கள் எழுதுவினைஞர் கண்டக்குழியிலா இருக்கிறார் என்று நஸார் கேட்டாராம். கொஞ்சம் கோபப்பட்டாராம். சம்மதப் பத்திரத்தின் அந்த வசனத்தை ஐயா வாசித்துக் காட்டினாராம். வேறு கணக்காளரிடம் போக விரும்பினால் ஃபைலைக் கட்டித் தருகிறேன் என்றும் சொன்னாராம். நஸார் போகவில்லை. அறைகள் இருக்கிறது உண்மைதான், இருந்தாலும் உறுதி என் பெயரில், அப்போது வரி எப்படி என்று கேட்டிருக்கிறார்.

ஐயா வழக்கமான நிதானத்தோடு விளக்கினார். அறைகளும் உங்களுடையது என்றால் அவற்றில் இவ்வளவு வருடமும் வந்த வருமானம் யாருடையது என்ற கேள்வி வரும், அதை நாங்களாகவே முன்வந்து சொல்லிவிட வேண்டும். மற்றப் பக்கத்தில் ஓர் ஆறுதலும் உண்டு, அறை கட்டிய செலவை இலாபத்தில் கழிக்கலாம். அதற்குப் பிறகு, வேறு என்ன, கேட்டாராம்.

"எங்கை துண்டு?"

கட்டியது தங்கச்சி என்றார் நஸார். அப்படியென்றால் தங்கச்சியிடம் கேட்டு வாங்குங்கோ, நீங்கள் அவருக்குக் காசு கொடுத்துத் தீர்த்ததற்கும் ஒரு துண்டு வேண்டும், கொடுக்காத காசைக் கழிக்க முடியாது என்று சொல்லிவிட்டு ஐயா மௌனமாக இருந்தார்.

எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கொழும்புப் பார்ட்டி வந்து நாடா பிடித்து அளந்தது. யார் இவர்கள் என்று ஜெஸீமா கேட்டாள், மச்சான் அளக்கச் சொன்னாராம் என்றான் றிபாய். சட்டம் தெரிந்தவனாக இருப்பதற்கு ஒரு மீன்காரனாக இருந்திருக்கலாம் என்று மனதார நினைத்தேன். மீன்காரன் என்றால் வேலியடியில் நின்று எல்லாவற்றையும் சொல்லியிருப்பான்.

சில நாள் கழித்து ஜெஸீமா வேலியடிக்கு வந்தாள். "மாமா, நானா போன் எடுத்தார். என்ன சமைச்சன் எண்டெல்லாம் கேட்டார். பிறகு அறை கட்டின துண்டு இரிக்கா எண்டார். துண்டெல்லாம் எங்க நானா, கலியாணத்துக்கு நீங்க போட்ட வளையலத்தானே வித்துக் கட்டினம், உங்கட வளையல்தான் கல்லா நிக்கிதெண்டு சிரிச்சிக்கிட்டுச் சொன்னன். அதுக்குப் போய் அந்த மனுசன் அழுவுறார். கனடாக் குளிர் ஆக்களுக்கு ஒத்துக்கொள்றல்ல போல." அவள் சிரித்தாள்.

நோன்புப் பெருநாள் முடிந்து நஸார் வந்தார். வந்த மறுநாள் காலையில் வான் ஒன்று வந்து நின்றது. ஜெஸீமா நல்ல அபாயா போட்டிருந்தாள், றிபாய் முகம் வழித்திருந்தான். புத்தளத்தில் உறுதி எழுதுகிற நொத்தாரிசைப் பார்க்கப் போகிறோம் என்றார்கள். நொத்தாரிசிடம் போனால் தங்கைக்கும் எழுதலாம், கொழும்புக்கும் எழுதலாம். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வானில் ஏறப்போன நஸார் திரும்பி வேலிப் பக்கம் வந்தார். ஸலாம் சொன்னார். "மாமா, இனி ஆரும் படம் எடுத்தா தலையக் கழுவிட்டு நில்லுங்க," என்றார். முகத்தில் கோபம் இருந்ததா என்று நான் தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

பின்னேரம் ஜெஸீமா இனிப்புக் கொண்டாட்டமாகத் தட்டில் வட்டிலப்பம் கொண்டுவந்தாள். காணி அவள் பெயருக்கு முடிந்துவிட்டது. கேட்காமலே எழுதித் தந்தார் மாமா, இப்படி ஒரு நானா யாருக்குக் கிடைக்கும், அவருக்காக துஆச் செய்யுங்கள் என்று கண் கலங்கினாள். ஆமீன் என்றேன், உண்மையாகவே சொன்னேன். நிக்காஹ் சபையில் சொன்ன சொல்லுக்கு இத்தனை வருடம் கழித்து ஒரு துண்டு கிடைத்திருந்தது. காணி நிக்காஹ் நாளிலிருந்தே தங்கச்சியுடையதுதான், இப்போது உறுதியில் பெயர் மட்டுமே மாறியது, ஆகவே விற்பனையும் இல்லை, அதற்கு வரியும் இல்லை என்று ஐயா ஃபைலை மூடினார் என்பது பிறகு தெரிந்தது.

அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். படிவத்தைக் கொம்பியூட்டர் நிரப்பட்டும், நல்லதுதான். துண்டு எங்கே என்று கேட்டுவிட்டு மௌனமாக இருக்க அதற்கு இன்னும் தெரியாது.

ஜெஸீமா போகப் புறப்பட்டவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "மாமா, நீங்க கனடாக் கணக்குத் தெரிஞ்ச ஆள்தானே. எங்கட நானா இப்பிடிக் குடுத்ததுக்கு அங்க வரியில ஏதும் கழிவு கிடைக்குமா? அவருக்குத் தெரியாமக் கிடக்கும், நீங்களாச்சும் ஒரு சொல்லுச் சொல்லுங்களன்."

நான் இருந்ததிலேயே பெரிய வட்டிலப்பத் துண்டாக எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டேன்.